பூண்டு வாசனையோடு படம் காட்டியவர்: லெஸ் பிளாங்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த லெஸ் பிளாங்க்?

அமெரிக்க ஆவணப்பட இயக்குநர். 1935-ல் ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் பிறந்தவர், 2013 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 77 வயதில் காலமானார். 40-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்திருக்கிறார், அதில் பெரும்பாலானவை ஒரு மணி நேரத்தைத் தாண்டாதவை. பெயரைச் சொன்னதும் சினிமாக்காரர்களுக்கு ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் காட்டுக்குள் கப்பல் இழுத்த கதைதான் ஞாபகம் வரும். அதைப் படமாக்கியவர் இவர்தான், சரி. ஆனால் அவருடைய தொழில்வாழ்க்கையின் முக்கால் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது: டெக்சாஸ், லூசியானா, வட கரோலினா என்று அமெரிக்காவின் ஓரங்களில் சனிக்கிழமை ராத்திரி ஆடிப்பாடிச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மக்களின் பக்கத்தில்.

சினிமாவுக்கு எப்படி வந்தார்?

சுற்றி வளைத்துத்தான். லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸில் உள்ள டுலேன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார், எழுத்தாளர் ஆகும் ஆசை இருந்தது, அப்புறம் அங்கேயே நாடகம் எழுதுவதில் முதுகலை. இதற்கிடையில் ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மானின் 'த செவன்த் சீல்' படத்தைப் பார்த்ததுதான் தன்னைச் சினிமா பக்கம் திருப்பியது என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். பெர்க்மானைப் பார்த்துவிட்டு வந்த ஆள் கடைசியில் அக்கார்டியன் வாசிப்பவர்களையும் பன்றிக்கறி வறுப்பவர்களையும் எடுத்தது வேடிக்கைதான். லாஸ் ஏஞ்சலஸில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். ஆனால் அவருடைய ரசனையை உண்டாக்கியது நியூ ஆர்லியன்ஸ் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த ஊரில் நாலைந்து வருஷம் மாணவனாக இருந்துவிட்டு, சாப்பாடும் பாட்டும் வாழ்க்கையின் ஓரத்து விஷயங்கள் என்று யாரும் நினைத்துக்கொண்டு வெளியே வர முடியாது.

ஆவணப்படம் எடுத்தே பிழைத்தாரா?

ஆரம்பத்தில் இல்லை. கம்பெனிகளுக்கு விளம்பர, பயிற்சிப் படங்கள் எடுத்துக் கொடுத்துத்தான் வயிறு நிறைந்தது. 1970-ல் ஒரு பெரிய கோழிப்பண்ணை நிறுவனத்துக்காக அவர் எடுத்த 'சிக்கன் ரியல்' இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. கோழிக்குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் பெல்ட்டில் ஓடி வரும் அந்தப் படம் காசு கொடுத்தவருக்கு விளம்பரம், மற்றவர்களுக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

அந்தக் கூலிப் பணத்தை எடுத்துத் தனக்குப் பிடித்த படத்தில் போடுவார். 1967-ல் 'ஃபிளவர் ஃபிலிம்ஸ்' என்று சொந்த நிறுவனம் தொடங்கினார், பிறகு பெர்க்லிக்குப் பக்கத்தில் எல் செரிட்டோவில் அலுவலகம். என்னைப் பொறுத்தவரை அவருடைய தொழில் சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. படங்களின் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டார். கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் 16 மில்லிமீட்டர் பிரதிகளை வாடகைக்கு விட்டார், வீடியோ கேசட் வந்ததும் கேசட், டிவிடி வந்ததும் டிவிடி. திரையிடலுக்கு நேரில் போய், முடிந்ததும் வாசலில் மேஜை போட்டுச் சட்டை, சுவரொட்டி எல்லாம் விற்பார். ஒரே வாரத்தில் ஓடி முடியும் படங்கள் இல்லை அவை, முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருந்தவை. பணக்காரர் ஆகவில்லை. ஆனால் அடுத்த படத்துக்கு யாரிடமும் போய்க் கதை சொல்லி அனுமதி கேட்க வேண்டிய நிலைமை குறைந்தது.

சீட்டாட்டத்தில் தோற்றுத்தான் முதல் நல்ல படத்தை எடுத்தார் என்கிறார்களே?

லைட்னின் ஹாப்கின்ஸ் என்ற டெக்சாஸ் புளூஸ் பாடகரைப் பற்றிய படம் அது, 31 நிமிடம். பிளாங்க் சொல்லும் கதை இது: ஹாப்கின்ஸ் முதல் நாளே ஒப்புக்கொண்ட பாட்டுகளை மளமளவென்று பாடி முடித்துவிட்டு, வேலை முடிந்தது, காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள் என்றாராம். பிளாங்க் கிளம்பவில்லை. ஹாப்கின்ஸ் சீட்டாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தானும் உட்கார்ந்தார், தோற்றார், மறுபடி தோற்றார். இவ்வளவு மோசமாக ஆடும் ஆளை யார் ஊருக்கு அனுப்புவார்கள்? அப்படித்தான் கேமரா உள்ளேயே தங்கியது.

தங்கியதால் கிடைத்தது படத்தில் தெரிகிறது. ஹாப்கின்ஸ் சிறுவயதில் வளர்ந்த சென்டர்வில் ஊர், அங்கே கறுப்பின மக்கள் நடத்தும் ரோடியோ என்ற குதிரை, காளைச் சாகசப் போட்டி, தெருவில் நடக்கும் அரட்டை என்று பாட்டு எந்த மண்ணிலிருந்து வந்ததோ அந்த மண் முழுக்க வருகிறது. பாடகரை ஸ்டூலில் உட்கார வைத்து விளக்குப் போட்டு எடுத்திருந்தால் இது வந்திருக்காது.

லூசியானாவைப் பற்றி ஏன் இத்தனை படம்?

எண்ணிப் பார்த்தால் அவர் அதிகம் திரும்பிப் போன இடம் அதுதான்: 'ஸ்பெண்ட் இட் ஆல்' (1971), 'டிரை வுட்', 'ஹாட் பெப்பர்' (இரண்டும் 1973), 'ஆல்வேஸ் ஃபார் பிளெஷர்' (1978), 'ஜே எதே ஓ பால்' (1989), 'யம் யம் யம்' (1990), 'மார்க் அண்ட் ஆன்' (1991).

கொஞ்சம் பின்னணி சொன்னால்தான் இதன் எடை புரியும். கேஜன் என்று அழைக்கப்படும் மக்கள், இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள். 1755-ல் ஆங்கிலேயர்கள் அவர்களை அங்கிருந்து விரட்ட ஆரம்பித்தார்கள். அலைந்து திரிந்து பலர் லூசியானாவின் சதுப்பு நிலங்களில் வந்து சேர்ந்தார்கள். பிரெஞ்சு பேசும் கறுப்பின கிரியோல் மக்களும் அதே மண்ணில். 1921-ல் வந்த லூசியானா அரசியல் சட்டம் பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே என்றது, வீட்டு மொழியில் பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். ஒரு தலைமுறை தன் பிள்ளைகளிடம் பிரெஞ்சு பேசுவதையே விட்டது. அந்த மொழியைத் திரும்பக் கொண்டுவர மாநில அரசே ஓர் அமைப்பை உருவாக்கியது 1968-ல்.

பிளாங்க் போனது சரியாக அந்தச் சமயத்தில். ஆனால் 'அழிந்துவரும் பண்பாடு' என்று ஒப்பாரி வைக்கவில்லை. அந்த மக்கள் சாப்பிடுகிறார்கள், குதிரைப் பந்தயம் விடுகிறார்கள், அக்கார்டியன் வாசிக்கிறார்கள், ஒரு ஆள் குறடு எடுத்துத் தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிறார். ஹெர்சாக் அந்தப் பல் காட்சியில் சொக்கிப்போய், அனுமதி வாங்கித் தன் 'ஸ்ட்ரோசெக்' படத்தில் அதே மாதிரி ஒன்றை வைத்தார்.

'டிரை வுட்'டும் 'ஹாட் பெப்பர்'ரும் கிரியோல் மக்களைப் பற்றியவை. முதலாவதில் 'புவா செக்' ஆர்ட்வானும் ஃபிடில் வாசிக்கும் கேன்ரே ஃபோன்டெனோவும் வயல்காட்டு வாழ்க்கைக்காரர்கள். இரண்டாவதில் கிரியோல் மக்களின் நடன இசையான சைடெக்கோவின் மன்னர் என்று பெயர் வாங்கிய கிளிஃப்டன் ஷெனியே. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே இசை, வீட்டு முற்றத்தில் ஒரு மாதிரி, வேர்வை சொட்டும் நடனக்கூடத்தில் மின்சாரம் ஏறி வேறு மாதிரி. ஒரு கட்டுரை பத்துப் பக்கத்தில் விளக்கும் மாற்றத்தைக் காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பின்னணிக் குரலே இல்லாமல் எப்படிப் புரியும்?

சில படங்களில் விளக்குபவர் உண்டு. 'ஜே எதே ஓ பால்' கேஜன், சைடெக்கோ இசையின் வரலாற்றைச் சொல்வதால் அதில் பேசி விளக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள், அவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். மற்றபடி பெரும்பாலும் 'இந்த மக்கள் இன்ன நூற்றாண்டில் இங்கே குடியேறினார்கள்' என்று கனத்த குரலில் யாரும் ஒப்பிக்க மாட்டார்கள். பேட்டி கொஞ்சம் வரும், பேசும்போதே கை ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கும்: மீன் வெட்டும், வயலின் தந்தியை முறுக்கும். அப்புறம் பாட்டு. பாட்டு ஓடும்போது கேமரா பாடுபவர் முகத்திலேயே நிற்காது. வேலியில் சாய்ந்த கிழவி, நாய், கொதிக்கிற பானை, ஆடுகிறவர்களின் கால்.

முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இது தொடர்ச்சி இல்லாத மாதிரி இருக்கலாம். புகாரில் கொஞ்சம் நியாயமும் உண்டு, யார் பேசுகிறார்கள் என்று பெயர்கூடச் சில நேரம் தெரியாது. ஆனால் பாட்டின் வரிகளைக் கவனித்தால் வெட்டுகளுக்குக் காரணம் பாட்டுக்குள் இருக்கும்.

எல்லாப் படத்திலும் யாராவது சமைத்துக்கொண்டே இருக்கிறார்களே, ஏன்?

ஏன் என்று கேட்பதைவிட, மற்ற ஆவணப்படங்களில் ஏன் யாரும் சமைப்பதில்லை என்று கேட்கலாம். நியூ ஆர்லியன்ஸ் படமான 'ஆல்வேஸ் ஃபார் பிளெஷர்'ரில் பாடகி இர்மா தாமஸ் சிவப்பு பீன்ஸும் சோறும் எப்படிச் செய்வது என்று சொல்கிறார், அதே படத்தில் இறுதி ஊர்வலத்தில் பேண்டு வாசித்துக்கொண்டே ஆடிப்போகிறார்கள், கறுப்பின மக்கள் செவ்விந்தியர்களைப் போற்றும் விதமாக இறகும் மணியும் கோத்து மாதக்கணக்கில் தைத்த உடையில் வருகிறார்கள். மூன்றுக்கும் அவர் ஒரே மரியாதை கொடுக்கிறார். சாவு பெரிய விஷயம், சமையல் சின்ன விஷயம் என்ற தரம் பிரிப்பு அவரிடம் இல்லை.

1980-ல் வெளிவந்த பூண்டுப் படம் இதன் உச்சம். 51 நிமிடம், முழுக்கப் பூண்டு. பெர்க்லியின் புகழ்பெற்ற ஷே பனீஸ் உணவகம், அதைத் தொடங்கிய ஆலிஸ் வாட்டர்ஸ், பூண்டுக்கு விழா எடுக்கும் ரசிகர்கள், பூண்டு வயல். திரையிடும்போது அரங்கின் பின்பக்கம் ஒரு சின்ன அடுப்பில் பூண்டை வாட்ட வேண்டும் என்பது அவர் ஏற்பாடு, படம் ஓடும்போதே வாசனை மெல்லப் பரவி முன் வரிசைக்கு வரும். நியூ ஆர்லியன்ஸ் படத்துக்குச் சிவப்பு பீன்ஸ். பசியோடு போனவர்கள் பாடு கஷ்டம்தான்.

டெக்சாஸ் எல்லைப்புறப் படம் எதைப் பற்றி?

'சூலாஸ் ஃப்ரோந்தேராஸ்', 1976. டெக்சாஸ்–மெக்சிகோ எல்லையில் வாழும் மக்களின் நோர்த்தேன்யோ இசை, அதாவது அக்கார்டியனும் பன்னிரண்டு தந்தி கிட்டாரும் சேர்ந்தது. லிடியா மெண்டோசா, ஃப்ளாக்கோ ஹிமெனெஸ், நார்சிசோ மார்ட்டினெஸ் எல்லோரும் வருகிறார்கள். லிடியா பாடுவது மட்டும் இல்லை, குடும்பத்தோடு தமாலே என்ற சோளமாவுப் பண்டம் செய்கிறார். கூலி வேலைக்காக வயல் வயலாக அலையும் குடும்பங்களும், அந்த வலியைச் சொல்லும் பாட்டுகளும் இதில் உண்டு. பிளாங்க் எடுத்ததிலேயே அரசியல் தெளிவாகத் தெரியும் படம் இது என்பேன், அதையும் பாட்டை வைத்தே சொல்லிவிடுகிறார். 1993-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. பூண்டுப் படம் 2004-ல் சேர்ந்தது.

இதெல்லாம் தனி ஆளாகச் செய்தாரா?

இல்லை, இதை அழுத்தியே சொல்ல வேண்டும். மொரீன் கோஸ்லிங் இல்லாமல் நடுக்காலத்துப் படங்கள் இல்லை. ஒலிப்பதிவு, படத்தொகுப்பு இரண்டும் பார்த்தவர் அவர். பாட்டுக்கும் படத்துக்கும் அந்தப் பொருத்தம் வந்ததில் பெரும்பங்கு அவருடையது, ஆனாலும் எழுதுகிறவர்கள் பாதிப் பேர் லெஸ் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னொருவர் கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ். ஜெர்மனியிலிருந்து பதின்ம வயதில் அமெரிக்கா வந்தவர், 1960-ல் ஆர்ஹூலி ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கி, யாரும் சீண்டாத கிராமத்துப் பாடகர்களைத் தேடித்தேடிப் பதிவு செய்தவர். ஆர்ஹூலியின் முதல் இசைத்தட்டு மான்ஸ் லிப்ஸ்கோம் என்ற டெக்சாஸ் குத்தகை விவசாயியுடையது, 1971-ல் அதே லிப்ஸ்கோமைப் பற்றித்தான் பிளாங்க் 'எ வெல் ஸ்பென்ட் லைஃப்' எடுத்தார். எல்லைப்புறப் படமும் 'ஜே எதே ஓ பால்'லும் இருவரும் சேர்ந்து செய்தவை. இரண்டு பேர் அலுவலகமும் ஒரே கட்டடத்தில், கீழே இசைத்தட்டுக் கடை. ஊரில் யார் நன்றாக வாசிக்கிறார்கள் என்று தெரிந்த ஆள் பக்கத்து அறையில் இருந்தால் பாதி ஆராய்ச்சி முடிந்தது.

லியோன் ரஸ்ஸல் படம் நாற்பது வருஷம் வெளிவராததற்குக் காரணம்?

ரஸ்ஸல் அன்று பெரிய ராக் நட்சத்திரம். அவர் தரப்பே பணம் கொடுத்துப் பிளாங்க்கை அழைத்தது, 1972-லிருந்து 1974 வரை ஓக்லஹோமாவில் ஏரிக்கரையில் இருந்த ஸ்டூடியோவில் தங்கி எடுத்தார். பிளாங்க் என்ன செய்வார் என்று தெரியாதா? நட்சத்திரத்தை எடுக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களை, நீச்சல்குளத்தில் ஓவியம் தீட்டுபவரை, கோழிக்குஞ்சை விழுங்கும் பாம்பை எல்லாம் எடுத்து வைத்தார். ரஸ்ஸலுக்குப் பிடிக்கவில்லை. பிளாங்க் நேரில் இருக்கும் இலாப நோக்கமற்ற திரையிடல்களில் மட்டும் காட்டலாம் என்ற நிபந்தனையில் படம் முடங்கியது. அவர் மறைந்த பிறகு மகன் ஹாரட் பிளாங்க் ரஸ்ஸலிடம் பேசிச் சமாதானம் செய்து, 2015-ல்தான் திரைக்கு வந்தது. ரஸ்ஸல் அடுத்த வருஷம் காலமானார்.

மேலே உரிமை பற்றிச் சொன்னேனே, அதை இங்கே பொருத்திப் பாருங்கள். பிளாங்க் தன் கைக்காசில் எடுத்த அரை மணி நேரப் படங்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. நல்ல பணத்தோடு வந்த முழுநீளப் படம் பெட்டிக்குள் கிடந்தது.

ஹெர்சாக் விஷயம்?

இரண்டு படம். 1980-ல் வந்தது 20 நிமிடம்: அப்போது புதியவரான இயக்குநர் எர்ரல் மோரிஸ் தன் முதல் படத்தை முடித்தால் நான் என் ஷூவைத் தின்கிறேன் என்று ஹெர்சாக் சவால் விட்டிருந்தார், மோரிஸ் முடித்துவிட்டார், ஹெர்சாக் ஷூவை ஷே பனீஸ் சமையலறையில் பூண்டு போட்டு வேகவைத்து பெர்க்லியில் அரங்கத்தில் எல்லோர் முன்னாலும் தின்றார்.

அடுத்தது 'பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்', 1982. பெரு நாட்டு அமேசான் காட்டில் நிஜக் கப்பலை மலைமேல் இழுத்து ஹெர்சாக் 'ஃபிட்ஸ்கரால்டோ' எடுத்த கதை. நாயகன் ஜேசன் ரோபார்ட்ஸ் நோய்வாய்ப்பட்டு விலக, உடன் நடித்த பாடகர் மிக் ஜாகரும் போய்விட, கிளவுஸ் கின்ஸ்கியை வைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வந்தது. எல்லோரும் ஹெர்சாக்கின் பைத்தியக்காரத்தனத்தைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அதில் பிடித்தது, அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் கேமரா அந்தப் பக்கம் போய், மரவள்ளிக் கிழங்கை மென்று துப்பிப் புளிக்க வைத்துப் பெண்கள் மசாத்தோ என்ற மது தயாரிப்பதைப் பொறுமையாகப் பார்ப்பதுதான். கப்பல் ஏறுமா ஏறாதா என்ற பதற்றம் அவருக்கு இல்லை, அடுத்து என்ன சாப்பாடு என்ற அக்கறை இருந்தது.

கஷ்டத்தை மறைத்து மகிழ்ச்சியை மட்டும் காட்டுகிறார் என்ற விமர்சனம் சரியா?

ஓரளவு சரி. இனவெறி, நிலமின்மை, எண்ணெய்க் கம்பெனிகள் லூசியானாவை என்ன செய்தன என்பதெல்லாம் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே. வெளியாள் ஒருவர் ஏழைகளின் கொண்டாட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில் ஒரு வசதி இருக்கத்தான் செய்கிறது. 'எ வெல் ஸ்பென்ட் லைஃப்'பில் லிப்ஸ்கோம் பட்ட பாட்டைப் படம் இன்னும் கொஞ்சம் கிளறியிருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஆனால் மறுபக்கமும் உண்டு: அதே காலத்தில் அந்த மக்களைப் பிரச்சினையாக மட்டும் பார்த்த செய்திப்படங்கள் ஏராளம், அவற்றில் யாரும் சிரிப்பதில்லை, யாருக்கும் ருசி கிடையாது. அவர்கள் எப்படி வாழத் தெரிந்தவர்கள் என்பதற்குச் சாட்சி அங்கே கிடைக்காது.

கடைசிக் காலத்தில் என்ன செய்தார்?

எடுத்துக்கொண்டேதான் இருந்தார். 2007-ல் கினா லைப்ரெக்டுடன் சேர்ந்து 'ஆல் இன் திஸ் டீ', நல்ல தேயிலை தேடிச் சீனக் கிராமங்களுக்குப் போகும் ஓர் அமெரிக்க வியாபாரியைப் பற்றியது, ஃபிலிம் ரோலை விட்டு டிஜிட்டல் வீடியோவுக்கு மாறியிருந்தார். 16 மில்லிமீட்டரில் 400 அடி ரோல் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதனால் அந்தக் காலப் படங்களில் எதை எடுப்பது என்ற கண் கூர்மையாக இருக்கும். டிஜிட்டலில் அது கொஞ்சம் தளர்ந்தது, பேச்சும் கூடிப்போனது. அதே வருஷம் மெக்டவல் பதக்கம் கிடைத்தது, அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் மாயா டெரன் விருது 1990-லேயே வாங்கிவிட்டார்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

நேரம் குறைவென்றால் ஹாப்கின்ஸ் படம். சமையல் பிடிக்குமென்றால் 'யம் யம் யம்'. இசை கேட்கிறவர் என்றால் நேராக 'ஹாட் பெப்பர்', நல்ல ஸ்பீக்கரில். ஹெர்சாக் படத்தை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள், முதலில் பார்த்தால் இவர் யாரென்று தவறான எண்ணம் வந்துவிடும். நல்ல படங்களை டிஸ்க்காக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் 2014-ல் 14 படங்களை ஒரு பெட்டியாக வெளியிட்டது, கிடைத்தால் வாங்கிவிடலாம்.

வீட்டில் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பூண்டுப் படம், தேநீர்ப் படம் தாராளமாக. 'டிரை வுட்'டில் பன்றி அறுக்கும் காட்சி நிதானமாகவே வரும், ரஸ்ஸல் படத்தில் அந்தப் பாம்பு, 'ஸ்பெண்ட் இட் ஆல்'லில் குறடு. சைவக்காரர்கள் கொஞ்சம் விசாரித்துவிட்டு உட்காரவும். எதுவானாலும் சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள்.